பயிற்சியாளரை விசாரிக்கப் போன இடத்தில்

பெண் எடுத்தாலும் கொடுத்தாலும், அந்த ஊருக்குப் போய் விசாரிக்காமல் எங்கள் குடும்பத்தில் தாம்பூலம் மாற்றியது கிடையாது. என் அப்பா பிச்சைமுத்து என் தங்கைகளுக்கு அப்படித்தான் மாப்பிள்ளை பார்த்தார். இன்றுவரை ஒருத்தியும் கண் கலங்கி எங்கள் வாசலில் வந்து நின்றதில்லை.

அவர் பெயரில்தான் அரியலூரில் எங்கள் கால்பந்து அணி இருக்கிறது. மாநில லீக்கில் ஆடுகிற அணி. எல்லாரும் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள். போன வருடம் தப்பித்தோம் பிழைத்தோம் என்று முடித்தோம். இந்த வருடமும் அப்படி ஆடினால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்பாவின் பெயர் கீழே இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

லீக் தொடங்க ஒரு மாதம்கூட இல்லாதபோது தலைமைப் பயிற்சியாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

என் மகன் முத்தமிழ்செல்வன்தான் அணியின் நிர்வாகத்தைப் பார்க்கிறான். இரண்டு வாரத்தில் மூன்று பேரிடம் பேசி வைத்து, மடிக்கணினியில் காட்டினான். ஒருவர் சென்னைக்காரர். வீடியோவில் முக்கால் மணி நேரம் தன்னைப் பற்றியே பேசினார். எங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வேண்டாம் என்றேன். அடுத்தவன் வீரமணி, என் மனைவி பரிமளாவின் அண்ணன் மகன். பெரம்பலூரில் ஒரு கல்லூரி அணியைப் பழக்குகிறான். மூன்றாவது, திருமானூர் சாமிதுரை மகன் அறிவரசன். திருச்சியில் ஓர் அணியை மேலே கொண்டுவந்தவர்.

"ரெண்டு பேரையும் போயி விசாரிச்சுட்டு வரேன்" என்றேன்.

"அப்பா, நாம கோச்சு பாக்கறோம். மாப்பிள்ளை பாக்கல."

"மாப்பிள்ளை கையில ஒரு பொண்ணத்தான் புடிச்சுக் குடுக்கறோம். இவன் கையில மொத்த டீமையும் குடுக்கறோம். பேசாம இரு."

மறுநாள் விடியற்காலையில் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். கல்லூரிக்கு எதிரே டீக்கடை, சலூன், ஜெராக்ஸ் கடை எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. "வீரமணி சாருங்களா? தங்கமானவரு. ஒரு சுடுசொல்லு கெடையாது." சாயங்காலம் மைதானத்தில் போய் ஓரமாக நின்றேன். நாலு மணிப் பயிற்சிக்குப் பையன்கள் நாலரைக்கு வந்தார்கள். வீரமணி பந்துப் பையைத் தானே தூக்கி வந்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

வீட்டில் பரிமளா பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "எங்க அண்ணன் மவன்னா ஒங்களுக்கு எளக்காரம்."

"அவனுக்குக் கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு குடுக்கலாம். டீமக் குடுக்க முடியாது."

அதற்கடுத்த நாள் திருமானூர். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. எனக்கு இறங்கி நடந்துவிடலாம் போல இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சுந்தராம்பாள் என்ற அம்மாள் டீக்கடை நடத்துகிறார். நான் யார் என்று சொல்லாமல் பேச்சைத் தொடங்கினேன்.

"சாமிதுரை மவன் அறிவரசன் எப்படிங்க?"

"பொண்ணு குடுக்க வந்தீங்களா? அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சே. மஞ்சுன்னு நல்ல பொண்ணு."

"பொண்ணு இல்லம்மா. வேலை விஷயமா."

"அப்பிடின்னா சொல்றேன். கோவக்காரன். லேட்டா வந்தா எம்புட்டுப் பெரிய ஆட்டக்காரனா இருந்தாலும் வெளியில நிக்க வச்சுருவான். யாராச்சும் அவன் வேலையில கை வச்சா பையத் தூக்கிட்டு வந்துருவான்." டீயை ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "இப்ப அரியலூருல ஒரு டீமு கூப்புடுதாம். சாமிதுரை அண்ணன் போன வாரந்தான் அங்க போயி விசாரிச்சுட்டு வந்தாரு."

"எதை விசாரிச்சாரு?"

"அந்த வூட்டுக்காரங்களத்தான். ஒரு பெரியவரு இருக்காராம். கிரவுண்டுக் கோட்டுக்குப் பக்கத்துல சேரப் போட்டு ஒக்காந்துக்கிட்டு, அவன எடு இவன எறக்குன்னு கத்துவாராம். ரெண்டு வருசத்துல நாலு கோச்சு ஓடிட்டாங்களாம். வர்ற மருமவள எல்லாம் தொரத்தி வுடற வூடு மாதிரின்னு டீக்கடையில, சலூன்ல, எங்க கேட்டாலும் அதே பேச்சாம்."

டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தேன். மருமகளைத் துரத்துகிற வீடு. எங்கள் வீட்டைப் பற்றி, எங்கள் ஊர் சலூனில். பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். வந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. இதைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனால், அது உண்மை என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். சுந்தராம்பாளிடம் சாமிதுரை வீட்டுக்கு வழி கேட்டேன்.

சாமிதுரை என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். என் வயதுக்காரர். "வாங்க வாங்க. போன வாரம் கிரவுண்டுல ஒங்கள தூரத்துலேர்ந்து பாத்தேன்."

மஞ்சு கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தேன். உள்ளே கொள்ளிடத்து மீன்குழம்பு கொதிக்கிற வாசனை. சாமிதுரையின் மனைவி ஆண்டாயி இலையைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். "நேரமாச்சு, ஒரு வாய் சாப்புட்டுப் பேசலாங்க."

"வேண்டாம்மா."

சாமிதுரையின் முகம் மாறியது. அவருடைய அப்பா எங்கள் மாதிரிக் குடும்பங்களின் வயலில் கூலிக்கு நின்றவர். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஏங்க, எங்க வூட்ல சாப்புட மாட்டீங்களோ?"

"பேசி முடிக்காத வூட்ல நாங்க கை நனைக்கறதில்ல. யாரு வூடா இருந்தாலும் அதான்."

ஆண்டாயி சிரித்துவிட்டார். "இவரும் அரியலூருல ஒரு காபி குடிக்காமத்தான் திரும்பி வந்தாரு. அப்பப் பேசி முடிங்க. கொழம்பு ஆறுது."

அறிவரசன் அறையிலிருந்து வெளியே வந்தார். நான் கேட்பதற்கு முன்பே பேசினார். "ஒங்க டீமு போன வருசம் ஆடுன ஆட்டத்த எல்லாம் பாத்துட்டேங்க ஐயா. பசங்க ஓடறப்ப பந்தப் பாக்கல, ஒங்க சேரப் பாக்கறாங்க. நான் வரேன். ஆனா கோட்டுக்குப் பக்கத்துல அந்தச் சேரு இருக்கக் கூடாது."

"அது எங்க அப்பா பேருல இருக்கற டீமு, தம்பி."

"பேரு இருக்கட்டுங்க. சேரு வேணாம்."

என்னிடம் இப்படிப் பேசிய ஆள் கிடையாது. எழுந்து தெருவுக்கு வந்தேன். அப்படியே பஸ் ஏறலாம். ஏறினால் வீரமணிதான். சிரித்துக்கொண்டே அணியைக் கீழே இறக்குவான். இன்னொன்றும் தோன்றியது. ஊர் சொல்வதைப் பொய்யாக்க, இந்த ஆள் நம்மிடம் நிலைத்து நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

உள்ளே திரும்பிப் போய் இலை முன்னால் உட்கார்ந்தேன்.

"போடுங்கம்மா" என்றேன்.

முதல் ஆட்டத்தன்று என் நாற்காலியைக் கேலரியின் மேல்படிக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். முத்தமிழ்செல்வனே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு சாமிதுரையை உட்கார வைத்தேன். இரண்டாவது பாதியில் நாங்கள் ஒரு கோல் பின்தங்கினோம். இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனுக்கு மூச்சு வாங்கியது, அவனை மாற்ற வேண்டும். அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. கால் தானாகத் தரையை உதைத்தது. பாதி எழுந்துவிட்டேன்.

"ஒக்காருங்க சம்பந்தி" என்றார் சாமிதுரை, மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோட்டுக்குப் பக்கத்தில் அறிவரசன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒரு தடவை மேலே திரும்பிப் பார்த்திருந்தால் நான் கத்தியிருப்பேன். அவர் திரும்பவே இல்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, நான் உட்கார்ந்தேன்.