நடுப்பக்கத்தில் என் மகள்

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சிபாரிசு செய்தது கிடையாது. அதனால், என் மகள் கதாநாயகியாக நடித்த முதல் படத்தின் போஸ்டரும், பத்திரிகை நடுப்பக்க விளம்பரமும் எங்கள் டிசைன் ஸ்டுடியோவுக்கே வேலையாக வந்தபோது, ஒன்றை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். சொந்தப் பெண்ணைத் தூக்கி வைத்தான் என்று ஒருவன் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது.

கதை ஒரு லிஃப்ட் மெக்கானிக் பெண்ணைப் பற்றியது. பழுதான லிஃப்டில் அவளோடு மாட்டிக்கொள்கிறவர்கள் நான்கு ஆண்கள். நான் பென்சிலில் போட்ட லேஅவுட்டில் ஐந்து பேரும் ஒரே அளவில் வரிசையாக நின்றார்கள். அவளை நடுவில் நிறுத்தியதே அதிகம் என்று நினைத்தேன். அடியில் வழக்கமாக வரும் ‘வடிவமைப்பு’ என்ற வரியையும், அதிலுள்ள என் பெயரையும் எடுத்துவிட்டேன். பத்திரிகைக்கும் அதே வரிசையை இரண்டு பக்கத்துக்கு இழுத்து விட்டாயிற்று.

முப்பது வருஷமாக எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் என் தம்பி பத்திரிகை லேஅவுட்டைக் கையில் எடுத்தான். தாளை நடுவில் மடித்தான். பத்திரிகைக்கு அடிப்பது போலவே இரண்டு பின் அடித்தான். விரித்து என் முன்னால் வைத்தான்.

ஆண்கள் பக்கத்துக்கு இருவராகப் பளிச்சென்று நின்றார்கள். மகளின் முகம் மடிப்புக்குள் போயிருந்தது. ஒரு கண் இந்தப் பக்கம், ஒரு கண் அந்தப் பக்கம்.

"மூக்குல பின் வேற ஏறியிருக்கு. பிள்ளைக்கு மூக்குத்தி போட்டுத்தான் அனுப்புறீங்கண்ணே," என்றான்.

முகத்தை மடிப்பில் வைக்கக் கூடாதென்பது இந்தத் தொழிலில் முதல் நாளே தெரிந்துகொள்வது. அவள் பெரிதாகத் தெரிந்துவிடுவாளோ என்று அளந்து அளந்து, மடிப்பையே மறந்திருக்கிறேன்.

அப்போதுதான் தயாரிப்பாளர் கொடுத்தனுப்பிய புகைப்படங்களோடு மகள் வந்தாள். தாளை எடுத்துப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை, அதில் அவள் என்னைப் போல.

"மூணு தடவ டெஸ்ட் வச்சுத்தான் என்ன எடுத்தாங்கப்பா. உங்க பேர நான் எங்கயும் சொல்லல. சொல்லாம வாங்கினத நீங்க ஏன் ஒளிச்சு வைக்கிறீங்க?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஊர் வாய்க்குப் பயந்து வேலை செய்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை.

ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும், மணி இரண்டு. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். வலப்பக்கம் முழுக்க அவள், கையில் ஸ்பேனரோடு, மடிப்பிலிருந்து நான்கு விரல் தள்ளி. இடப்பக்கத்தில் அந்த நால்வர், சின்னதாக, அவளைப் பார்த்தபடி. போஸ்டரிலும் அவளே பெரிது. தம்பி மறுபடி மடித்துப் பின் அடித்தான். இரண்டு பின்னும் லிஃப்டின் வெறும் சுவரில் இறங்கின.

"இப்ப ஊர் பேசுமேண்ணே," என்றான், வேண்டுமென்றே.

"பேசட்டும். யார்கிட்ட வந்து பேசணும்னு தெரிய வேண்டாமா?"

எடுத்துவிட்ட வரியை அடியில் திரும்ப வைத்தேன். வழக்கத்தைவிட என் பெயர் ஒரு அளவு பெரிய எழுத்தில் இருந்தது.