பல்லில் கடித்த பறி

சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருவில் பொன்னி விற்பது கோவளத்து மீன். வாக்கப்பட்ட ஊர் கோவளம், அதில் பொய்யில்லை. பிறந்த ஊர் எண்ணூர் என்று மட்டும் அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து, எண்ணூர் என்று சொன்னாலே இந்தத் தெருவில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அன்று அண்ணன் குணா வந்து நின்றான். எண்ணூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்து வந்திருந்தான். கையில் ஐஸ் பெட்டி நிறைய இறால்.

"அங்க ஒருத்தன் வாங்க மாட்றான் பொன்னி. எண்ணெ எப்பவோ போயிடுச்சி, இறாலு சுத்தமாத்தான் கீது. நீயாவது வித்துக் குடு."

"விக்கிறேண்ணா. ஊர் பேரை மட்டும் எடுத்துடாத. எடுத்தா நாளைக்கி எனக்கே இங்க இடமில்ல."

"நான் இன்னாத்துக்கு எடுக்கப்போறேன்?"

சிவகுமார் சார் பையோடு வந்தார். ரிட்டயரானவர். அவர் வாங்கினால் தெருவே வாங்கும்.

"பளபளன்னு இருக்கே! வலையில ஒண்ணுகூட நசுங்கலையா?"

குணாவுக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. "வலையா? கையால தடவிப் புடிச்சது சார்! கழுத்தளவு தண்ணி, பல்லுல பறி. ஒண்ணொண்ணா அதுல போட்டது."

சிவகுமாரின் கை நின்றது.

"பறியா? பல்லுல கடிச்சுக்கிற ஓலைப்பைதானே? கோவளத்துல ஏதுப்பா அது? முப்பது வருஷம் கம்பெனி பஸ்ல கழிமுகத்துப் பாலத்தைத் தாண்டறப்போ பார்த்திருக்கேன். இது எண்ணூர் இறால்!"

"அங்கியா வேல செஞ்சீங்க?" குணா சமாளித்துச் சிரித்தான். "அப்ப நம்ம ஊர்க்காரரு! எங்க தண்ணி தெரியும்ல சார்? ரெண்டு கிலோ போடட்டா?"

"தெரியறதாலதான்பா வேண்டாங்கறேன். எங்க கம்பெனிலேருந்து அதுல என்னென்ன விட்டோம்னு எனக்குத் தெரியாதா?"

குரலில் கோபம்கூட இல்லை. பொன்னி பக்கம் திரும்பினார். "யாரும்மா இவரு? உன் சொந்தமா?"

எதிர்வீட்டு கோகிலவாணி கேட்டைப் பிடித்துக்கொண்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னி குணாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரோ சார். வித்துத் தரச் சொல்லிக் கேட்டாரு, பாவமேன்னு வுட்டேன்."

குணா பெட்டியை மூடித் தோளில் ஏற்றினான். கூடப்பிறந்த தங்கையைப் பார்த்து, "வரேங்கக்கா," என்றான். ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

"சரி, ஒரு கிலோ சங்கரா போடு," என்றார் சிவகுமார். "கோவளம்தானே?"

"கோவளந்தான் சார். எனக்கு வேற ஏது ஊரு?"