கடலூர் கிளைக்கு ஒரு மேனேஜர்

பழைய மேனேஜர் வேலையை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கடலூர் கடையில் ஃப்ரிட்ஜும் வாஷிங்மெஷினும் விற்பது பிரிசில்லாதான். விற்றது ஓடாவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவள்தான். பெயருக்கு 'இன்சார்ஜ்' என்றார்கள், சம்பளத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. மேனேஜர் என்று ஒரு கார்டில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி.

ஒருநாள் சிதம்பரம் தலைமைக் கடையிலிருந்து முதலாளி கண்ணாயிரம் போன் பண்ணினார்.

"ஏம்மா பிரிசில்லா, மேனேஜர் போஸ்ட்டுக்கு வர்ற திங்கக்கெழம இன்டர்வியூ. நீயும் வா. எங்க அக்கா மவன் கார்த்திகேசனும் வர்றான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு வாரம் கூட வச்சி சொல்லிக் குடு. கேள்விய எல்லாம் நீயே டைப் அடிச்சி அனுப்பிடு. இங்க எவனுக்கு அதெல்லாம் தெரியும்?"

கேள்வியும் அவள், பதிலும் அவள், போட்டிக்கு வருகிறவனுக்கு வாத்தியாரும் அவள். அடேங்கப்பா, என்ன நியாயம்!

கணவன் அன்பரசு சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தான். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்க எதுக்குடி காயுது? பேசாம அவனுக்கு எல்லாத்தையும் தப்பா சொல்லிக் குடு."

கேட்க இனிக்கத்தான் செய்தது. ஆனால் பாழாய்ப்போன பழக்கம், எந்த வேலையையும் கெடுத்துச் செய்ய அவளுக்கு வராது.

கார்த்திகேசன் தினமும் பதினோரு மணிக்குச் சென்ட் மணக்க வந்தான். ஸ்டாக் கணக்கெடுப்பைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விட்டான். "வாங்குன மூணாம் நாளே ஃப்ரிட்ஜ் ஓடலன்னு ஒருத்தர் வந்து கத்துனா என்ன செய்வ தம்பி?" என்று கேட்டாள்.

"டீ குடிக்கப் போயிடுவேன்க்கா."

தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலையும் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்தாள்.

திங்கட்கிழமை சிதம்பரத்தில், நம்ம ஆளுங்கதானே என்று இருவரையும் ஒன்றாகவே உள்ளே உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஆடிட்டர் இருந்தார். முதலாளி, அவள் அடித்துக் கொடுத்த தாளையே எடுத்து அவளிடம் வாசித்தார்.

"மழ பேஞ்சி குடோன்ல தண்ணி ஏறிடிச்சி. என்ன பண்ணுவ?"

"மொதல்ல கரண்ட்ட அணைப்பேன் சார். ஆளுங்க வர்ற வரைக்கும் காத்திருக்காம கீழ இருக்கற பெட்டிய நானே மேல ஏத்துவேன். போட்டோ எடுத்து இன்சூரன்ஸ்காரங்களுக்கு அனுப்புவேன்." போன மழைக்கு அவள் செய்ததுதான் அத்தனையும்.

"நீ சொல்லு கார்த்தி."

மனப்பாடம் பண்ணியதெல்லாம் காற்றோடு போச்சு. பையன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "பிரிசில்லா அக்காவ செய்யச் சொல்லுவேன் மாமா."

ஆடிட்டர் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா! வேல வாங்கத் தெரியுது. இதான் சார் மேனேஜ்மென்ட்!"

முதலாளிக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. பிறகு பிரிசில்லாவிடம் குழைந்தார். "தப்பா நெனைக்காதம்மா. ஒன்ன மேனேஜர் ஆக்கிட்டா ஒன் வேலைய யாரு பாப்பா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகை இல்லை, ஆறு வருஷக் கோபம். கைப்பையிலிருந்து கடைச் சாவிக்கொத்தை எடுத்துக் கார்த்திகேசன் கையில் வைத்தாள்.

"காலையில ஒம்போது மணிக்குக் கடை தெறக்கணும் தம்பி. நான் வரமாட்டேன். யார தெறக்கச் சொல்றதுன்னு இப்பவே யோசிச்சி வையி."