எட்டாவது கோரிக்கை

தெருவில் அவளைத் திருத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறாள். கல்யாணப் பத்திரிகையோ கடைத் திறப்பு நோட்டீஸோ, கையில் கிடைத்தால் முதலில் எழுத்துப்பிழையைத்தான் கண் தேடும். அதனால், பக்கத்து வீட்டு மதில்மேல் ஒரு காலை அரசாங்க அறிவிப்பு ஒட்டியிருந்தபோது, அதில் இருந்த மூன்று பிழைகளை எண்ணி முடித்த பிறகுதான் விஷயமே அவளுக்குப் புரிந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் விற்றுவிட்டுப் போன அந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு, ஆறு மாடி, இருபத்துநாலு குடித்தனம் கட்டப்போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

எல்லாம் தனி வீடுகள் இருக்கிற தெரு அது. அன்று சாயங்காலமே பத்து வீட்டுக்காரர்கள் அவள் வீட்டுக் கூடத்தில் கூடிவிட்டார்கள். "நீதான் எழுதணும்க்கா. நாங்க எழுதினா சண்டை மாதிரி இருக்கும். நீ எழுதினா மனு மாதிரி இருக்கும்" என்றார் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர்.

எழுதினாள். வெயிலும் காற்றும் வராது, வண்டி நிறுத்த இடம் இருக்காது என்று வரிசையாக ஏழு கோரிக்கை. மூன்றாவதை எழுதும்போது கோபம் தலைக்கேறியிருந்தது. "வருகிறவர்கள் இந்தத் தெருமேல் எந்த ஒட்டுதலும் இல்லாதவர்களாக இருப்பார்கள்" என்று எழுதிவிட்டாள்.

அவள் புருஷன் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தேய்ந்து, வீட்டுக்குள் நடப்பதற்கே சுவரைப் பிடித்துக்கொள்கிறவர். மனுவை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் வேணாம்னே எழுதியிருக்கியே. எப்படிக் கட்டினா பரவாயில்லன்னு ஒண்ணாவது எழுதேன்."

"கட்டவே வேணாங்கறேன், எப்படிக் கட்டணும்னு நான் எதுக்குச் சொல்லணும்?"

"மீறிக் கட்டிட்டா?"

அவர் வாயை அடைப்பதற்காகத்தான் எட்டாவதை எழுதினாள். தெருவிலேயே பள்ளமான இடம் அது. ஒருவேளை கட்டுவதாக இருந்தால், மழைநீர் இறங்க ஆழமான கிணறு தோண்டிவிட்டுத்தான் அஸ்திவாரம் போட வேண்டும், தீப்பிடித்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு வேண்டும், மதிலை விட்டுப் பத்தடி தள்ளிக் கட்ட வேண்டும்.

ஆட்சேபங்களைக் கேட்கிற விசாரணையில் ஆளாளுக்குக் கத்தினார்கள். இவள் மட்டும் எட்டையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. தெருவின் அகலத்துக்கு அவ்வளவுதான் என்று ஆறு மாடி நாலானது. இருபத்துநாலு குடித்தனம் பதினாறானது. எட்டாவது கோரிக்கையை அப்படியே நிபந்தனையாகச் சேர்த்திருந்தார்கள். மற்ற ஏழும் தள்ளுபடி. திருத்தக்காவுக்கு அது தோல்விதான். கட்டடம் எழும்பி ஆட்கள் குடிவந்த பிறகும், அந்தப் பக்கத்து ஜன்னலை அவள் திறக்கவில்லை. இரண்டாம் மாடியில் பஸ் டிரைவராக வேலை பார்க்கிற பெண் ஒருத்தி குடியிருந்தாள். காலை ஷிஃப்டுக்குப் போகும்போது இவளைப் பார்த்துச் சிரிப்பாள். இவள் கைப்பைக்குள் எதையோ தேடுவாள்.

மூன்றாவது வருஷம் அடைமழை பிடித்தது. பதினோராம் நாள் மத்தியானம் அச்சகத்துக்கு போன் வந்தது. தெரியாத நம்பர்.

"அக்கா, பக்கத்துக் கட்டடத்துல ரெண்டாம் மாடி பஸ் டிரைவர் பேசறேன். முதல்ல இதைக் கேளுங்க, சாருக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கார். உங்க சமையலறைக் கூரை விழுந்துடுச்சு. நீங்க மெதுவா வாங்க."

மெதுவாக எங்கே வருவது? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சமையலறையில் கம்பி தொங்க, அடுப்பு இருந்த இடத்தில் கான்கிரீட் குவியல். அதற்குப் பின்னால்தான் குளியலறை. அவர் குளித்துக்கொண்டிருந்தபோது விழுந்து, கதவையே அடைத்துவிட்டதாம். சத்தம் கேட்டு டிரைவர் மதிலேறிக் குதித்திருக்கிறாள். கூட நாலு பேர் வந்து, ஒரு மணி நேரம் கையாலேயே கல்லை அள்ளிப் போட்டு அவரை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள்.

இரண்டாம் மாடியில், யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, சூடாக டீ குடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். "வா வா. நாலு பேர் பார்க்க துண்டோட ஊர்வலம் வந்தேன். நீ பார்க்கக் கொடுத்துவைக்கல" என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு, முழுக் கூரையையும் எடுத்துப் புதிதாகப் போட வேண்டும், மூன்று மாதமாவது ஆகும் என்றார். தெருவில் வாடகைக்கு ஒரு வீடு இல்லை. திருத்தக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது டிரைவர்தான் சொன்னாள்.

"முதல் மாடியில ஒண்ணு காலியா இருக்குக்கா. ஓனரம்மா மகளோட பிரசவத்துக்காக வெளிநாடு போயிருக்காங்க. சாவி என்கிட்டதான் இருக்கு. போன்ல கேட்டுட்டேன். வீட்டைப் பூட்டி வைக்கிறதுக்குப் பதிலா மனுஷங்க இருக்கட்டும்னுட்டாங்க."

அன்றைக்கே கட்டிலைத் தூக்கிவர ஆறு பேர் வந்தார்கள். மாடிப் படியைக் கண்டாலே பயந்தவர், லிஃப்ட்டில் ஏறி மொட்டைமாடி வரைக்கும் போய்விட்டு வந்தார். ஒரு வாரம் அடுப்பே மூட்ட விடாமல் மாடிக்கு மாடி பாத்திரம் வந்தது. ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது திருத்தக்காவுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. எட்டாம் நாள் தாங்க முடியாமல் டிரைவரிடம் போய் நின்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. இந்தக் கட்டடம் வேணாம்னு மனு எழுதினது நான்தான்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"வீட்டுப் பத்திரத்தோட விசாரணை அறிக்கையும் கொடுத்தாங்களே. எல்லாரும் படிச்சிருக்கோம்." டிரைவர் உள்ளே போய் அந்தத் தாள்களை எடுத்துவந்தாள். எட்டாவது கோரிக்கைக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு இழுத்திருந்தது. "இந்த மழைக்குப் பின்தெருவுல முழங்கால் அளவு தண்ணி. நம்ம வாசல்ல செருப்பு நனையல. அந்தக் கிணறு உங்களாலதான். ரெண்டாவது படிக்கட்டும் உங்களாலதான். வந்து நன்றி சொல்லணும்னு எத்தனையோ தடவை நினைச்சோம். நீங்க நிமிர்ந்தே பார்க்கல."

திருத்தக்கா தாளை வாங்கி அந்தப் பென்சில் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மூணாவதுதான் கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு" என்றாள் டிரைவர், மெல்ல. "எங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்களே."

"அது தப்பும்மா. ஊர்ப் பிழையெல்லாம் என் கண்ணுக்குத் தெரியுது, இது தெரியாமப் போச்சு. மன்னிச்சுடு."

"சரி விடுங்கக்கா. டீ போடட்டுமா?"

"நீ உட்காரு, நான் போடறேன்" என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

அந்த மாதமே தெருமுனையில் இன்னொரு கட்டடத்துக்கு அறிவிப்பு ஒட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். "அக்கா, மறுபடியும் ஒரு மனு எழுதணும்!"

"எழுதறேன். ஆனா வேணாம்னு எழுத மாட்டேன். எப்படி இருக்கணும்னுதான் எழுதுவேன்."

"கட்சி மாறிட்டியாக்கா?" என்றார் அவர் முகம் சுண்டி. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு தானாகவே வந்து, வடிகால் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னார். விசாரணையில் அவர் ஒரு பக்கமும் டிரைவர் மறுபக்கமுமாக, திருத்தக்கா நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

கூரை போடுகிற சமயத்தில் இன்ஜினீயர் கேட்டார். "பிற்பாடு மேல ஒரு வீடு கட்டற மாதிரி தூண் பலமாப் போடட்டுமா? இல்ல, இருக்கிற மாதிரியே போதுமா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். "லிஃப்ட் வெப்பியா?" என்றார் அவர்.

"பலமாவே போடுங்க" என்றாள் திருத்தக்கா. "யாராவது குடிவரட்டும்."