ரைட்டுக்கு அடுத்த வார்த்தை

குடைப் படம் போட்ட அட்டையைப் பேச்சுப் பயிற்சியாளர் நீட்டியதும், அப்பா உற்றுப் பார்த்துவிட்டு, துளி சந்தேகம் இல்லாமல் "ரைட்" என்றார். நாய்க்கும் ரைட். நாற்காலிக்கும் ரைட். பக்கவாதம் வந்து படுத்து எழுந்ததிலிருந்து அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரே சொல்தான். பஸ் கண்டக்டராகப் படியில் நின்றபடி, வண்டியைக் கிளப்பச் சொல்லி டிரைவருக்குக் காலமெல்லாம் அவர் கொடுத்த குரல் அது. தாய்மொழி மொத்தமும் இறங்கிப் போய்விட, இங்கிலீஷ்காரன் பெற்ற இந்தச் சொல் மட்டும் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

"இன்னும் ஒரே ஒரு வார்த்தை வரட்டும்மா. அது வந்துட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வரும்," என்றார் பயிற்சியாளர்.

"வரலைன்னா?" என்று அம்மா கேட்டாள். பயிற்சியாளர் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார்.

ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அப்பா குடித்தனமே நடத்தினார். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெடுக்கென்று சொன்னால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். பெருமூச்சோடு வந்தால் இன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று பொருள். நான் அகராதி போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. அவள் வாய் ஊரறிந்த வாய். அதற்கு ஈடு கொடுத்த ஒரே ஆள் அப்பாதான். இப்போதும் தையல் மிஷினை மிதித்தபடியே, "மாத்திரையை ஏன் துப்புனீங்க?" என்று ஆரம்பிப்பாள். "ரைட்." "என்னத்த ரைட்டு?" "ரைட்." அதோடு சண்டை நொண்டியடித்து நின்றுவிடும். "எதுத்துப் பேச ஆளில்லாம என்னடி வீடு இது?" என்று ஒருநாள் என் தோளில் சாய்ந்து அழுதாள். இனி அவர் தன்னைத் திட்டவே மாட்டாரோ என்பதுதான் அவள் பயம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு வரவில்லை.

மாலையில் மாடி வராந்தாவில் நடைப்பயிற்சி. அப்பாவின் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போவேன். அம்மா முன்னால், அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடப்பாள். "வாங்க, வாங்க, போலாம் ரைட்!" என்று அவள் சொன்னால்தான் அவருடைய கால் கிளம்பும். அன்று கால் நன்றாகவே கிளம்பியது. அம்மாவுக்கு உற்சாகம் தலைக்கேறி, வழக்கமாக நிற்கும் குழாயடியையும் தாண்டிப் போனாள். நான் குனிந்து அப்பாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் மாடிப்படி இறங்குவதை நானும் கவனிக்கவில்லை.

"ஹோல்டான்!"

வராந்தாவே அதிர்ந்தது. ரிவர்ஸ் வரும் பஸ், சுவரில் இடிக்கும் முன் அப்பா பின்னாலிருந்து போடும் சத்தம் அது. அம்மா ஒரு கால் அந்தரத்தில் இருக்க, அப்படியே நின்றாள். அப்பா பிடித்திருந்த சுவரை விட்டுவிட்டு, நல்ல கையால் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். உதடு கோணியது. மூச்சு வாங்கியது. ஆனாலும் மனிதர் விடவில்லை.

"கண்ணு... கண்ணு தெ... தெரி..."

"தெரியலைங்க," என்றாள் அம்மா. முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் பல். "சுத்தமாத் தெரியலை. இன்னும் நல்லாத் திட்டுங்க!"

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பயிற்சியாளருக்குப் போன் போட உள்ளே ஓடப் பார்த்தேன்.

"போனு எங்கடி போயிடப் போவுது? பட்டையைப் பிடி."

அப்பாவை மெதுவாகத் திருப்பி நிறுத்திவிட்டு, அவள் சுற்றிவந்து மறுபடியும் அவர் எதிரே நின்றாள். இந்த முறை "ரைட்" என்று அவர்தான் சொன்னார். வராந்தாவின் மறுகோடியில், பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிள் குறுக்கே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு, கைகளை நீட்டியபடி, அதை நோக்கிப் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.