வெயில் சத்து

மாடம்பாக்கத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்த தினகரனுக்குப் பெயர்தான் சூரியனுடையது, பகையெல்லாம் வெயிலோடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முதற்கொண்டு அவனைத் ‘தார் ட்ரம்மு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று ஊர் சொல்லும். அவன் அதை நம்பவில்லை. தன் பிள்ளையை ஒருத்தரும் அப்படிக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான் அவன் கேட்டது. ஆசையில் தப்பில்லை. அதற்கு அவன் பிடித்த வழிதான் குடியைக் கெடுத்தது.

மனைவி ஹேமாவதி உண்டானதும் ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை வந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடுவதுகூட அவன்தான். பொழிச்சலூரிலிருந்து வந்த அவள் அக்கா தீபா, “குடுத்து வச்சவடீ நீ” என்று திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள்.

ஐந்தாம் மாதம் ரத்தம் சோதித்த டாக்டர் கிறிஸ்டினா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“உங்க ஒய்ஃபுக்கு வைட்டமின் டி ரொம்ப கம்மி சார். வெயில்ல கிடைக்கிற சத்துதான் அது. இந்தப் பவுடரை வாரம் ஒரு பாக்கெட் பால்ல கலந்து குடுங்க. மறந்துடாதீங்க, குழந்தைக்கும் அவங்ககிட்டேருந்துதான் போகணும்.”

வேறு ஆம்பிளையாக இருந்தால் சரி என்று தலையாட்டி, மறக்காமல் கொடுத்திருப்பான். தினகரன் யோசித்தான். வெயில் மேலே பட்டாலே கறுக்கிறது. வெயிலின் சத்தையே வயிற்றுக்குள் கொட்டினால்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பவுடரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, பாலில் சர்க்கரையைக் கலந்து, டாக்டர் கொடுத்த மருந்து என்று நீட்டினான். அவளும் அடிமண்டி வரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

பெண் குழந்தை பிறந்தது. ரோஜாப்பூ நிறம். கடைக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான்.

ஏழாம் நாள், பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தாம்பரத்துக்கு ஆட்டோவில் பறந்தார்கள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த கிறிஸ்டினா, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“ரத்தத்துல கால்சியமே இல்லம்மா. வைட்டமின் டி இருந்தாத்தான் அது உடம்புல சேரும். ஹார்ட்டும் வீக்கா இருக்கு. நான் குடுத்த பவுடரைச் சாப்பிட்டீங்களா இல்லையா?”

“ஒரு வாரம் தவறல டாக்டர்” என்றாள் ஹேமாவதி. “அவரே கலக்கிக் குடுப்பாரு. கேளுங்க.”

அந்தக் ‘கேளுங்க’தான் அவனை அறுத்தது. தலையாட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் தன்னை அப்படி நம்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“குடுக்கல டாக்டர். கீழ கொட்டிட்டேன். புள்ள கறுத்துடும்னு...”

ஹேமாவதி அவன் பக்கம் திரும்பினாள்.

“உங்கள மாதிரியே பொறந்தா இன்னா இப்போ? உங்களப் புடிச்சிதானே நான் கட்டிகினேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவன் சுவரோடு சாய்ந்து வாய்விட்டு அழுதான்.

இரண்டு நாள் ஊசியும் மருந்துமாகப் போராடிப் பார்த்தார்கள். இதயம் தேறவில்லை. மூன்றாம் நாள் காலை குழந்தை போய்விட்டது.

வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததை ஹேமாவதி யாரிடமும் தரவில்லை. பத்து நாள் பச்சை உடம்போடு தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் பதினோரு மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தினகரன் தன்னையறியாமல் குடையை விரித்துக் குழந்தையின் முகத்துக்கு மேலே பிடித்தான்.

அவள் நின்றாள். ஒரு கையால் குடையைத் தள்ளிவிட்டு, முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

“எடுங்க அத. இப்பவாச்சும் எம்பொண்ணு மேல கொஞ்சம் வெயில் படட்டும்.”