பளீலின் வண்டிக்கு நான் செய்த வேலை

சாய்ந்தமருதில் பிக்கப் வைத்திருக்கிற எவனையும் கேட்டுப் பாருங்கள், மசூர் கராஜ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வான். முப்பது வருசமாக டீசல் எஞ்சினோடு கிடக்கிறேன். சத்தத்தைக் கேட்டே பழுது எங்கே என்று சொல்லிவிடுவேன். இது பெருமைக்குச் சொல்வதில்லை. சரி, பெருமைக்குத்தான்.

இந்தப் புது வண்டிகள் வந்த பிறகு எனக்கு விசர் பிடிக்காத குறை. பொனட்டைத் திறந்தால் எஞ்சினைக் காணவில்லை. வயரும் குழாயும் மூடியும்தான். போதாததற்கு, அடியில் புகைக்குழாயின் நடுவே ஒரு பெட்டி. அதற்குள் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக ஒரு கல். புகையில் வருகிற கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நிறைந்ததும், வண்டி அரைமணி நேரம் வேகமாக ஓடினால் கரி தானாக எரிந்துவிடுமாம். எங்கே ஓடுவது? எங்கள் மீன்காரப் பளீல் கடற்கரையிலிருந்து கல்முனைச் சந்தைக்குப் போவான், திரும்பி வருவான். பத்து நிமிச ஓட்டம். அதில் எஞ்சின் சூடாவதே பெரிய காரியம்.

ஆறு மாதத்துக்கு முன் அவன் வண்டியில் அந்தப் பெட்டி அடைத்துக்கொண்டது. வண்டி இழுக்க மறுத்து நடுறோட்டில் நின்றுவிட்டது. பளீல் போன் எடுத்துக் கத்தினான்.

“மச்சான், மீன் நாறப் போகுதுடா. என்னத்தையாவது செய்யி!”

செய்தேன். பெட்டியைக் கழற்றி வெட்டி, உள்ளே இருந்த கல்லை உளியால் அடித்து நொறுக்கிக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியை ஒட்டி மாட்டினேன். எச்சரிக்கை லைட் எரியாதபடி வண்டியின் கம்பியூட்டரை ஏமாற்றும் வேலையை லெப்டொப்போடு வந்த ஒருவர் செய்து தந்தார். பளீல் என்னைக் கட்டிப்பிடித்தான்.

“இப்பதான் மச்சான் வண்டி வண்டியா இரிக்கி!”

அவன் ஊரெல்லாம் சொல்ல, அதே வேலைக்குப் பிக்கப்புகள் வரிசையில் வந்தன. கூடாது என்று சொன்ன ஒன்றிரண்டு பேரையும் தேத்தண்ணிக் கடையில் வைத்து மடக்கினேன். “புகை விடாத டீசல் எஞ்சின் உசிரோட இரிக்கிற எஞ்சினா?” என்று கேட்டேன். கடையே சிரித்தது. இந்த வாய் இருக்கிறதே, இதைத் தைத்திருக்க வேண்டும்.

பளீலின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. அவன் வண்டி நின்றால் அந்தக் குறுகிய ஒழுங்கையில் ஆள் பக்கவாட்டில்தான் போகலாம். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி விட்டுத்தான் ஐஸ் பெட்டிகளை ஏற்றத் தொடங்குவான். கால்மணி நேரம் ஆகும். புகைக்குழாய் இருப்பது என் மகள் நஸ்லியாவின் ஜன்னலுக்கு நேரே.

நஸ்லியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். கலியாணத்துக்குப் பிறகு மூன்று வருசம் எட்டிப் பார்க்காமல் இருந்த சனியன், இப்போது விடியும்போதெல்லாம் வந்தது. பம்ப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் ஏறி ஏறி இறங்க, கட்டில் விளிம்பில் குந்தியிருப்பாள். நான் ஓடிப்போய் ஜன்னலைப் பூட்டுவேன். ஓட்டு இடுக்கால் புகை வரும்.

“நுளம்புத்திரி கொளுத்தாதீங்க எண்டு எத்தின தரம் சொன்ன?” என்று மனைவி ஸுல்பிகாவிடம் பாய்வேன்.

“நுளம்புத்திரிய நிப்பாட்டி ரெண்டு மாசம். மிளகாய் வறுக்கிறதயும் நிப்பாட்டிட்டன். இனி என்ன, மூச்சு விடுறதையும் நிப்பாட்டவா?” என்பாள் அவள்.

கள்ளனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? எதனால் என்று எனக்குத் தெரியும். பளீலிடம் சொன்னால், செய்தவன் நீதானே என்பான். வெளியில் தெரிந்தால் அத்தனை வண்டிக்காரனும் கராஜ் வாசலில் வந்து நிற்பான். நொறுக்கிய கல்லை ஒட்டவும் முடியாது. வேறு வீட்டுக்குப் போகவும் வழியில்லை. இந்த வீடு நிக்காஹ்வின்போது நஸ்லியாவுக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் ஊர்களில் மருமகன்தான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு கொடுத்த பிள்ளை வீட்டை விட்டுப் போவது என்பது தகப்பன் முகத்தில் கரி.

அதைத்தான் மருமகன் றினாஸ் ஒரு திங்கட்கிழமை சொன்னார்.

“மாமா, கோவிக்காதீங்க. வெள்ளிக்கிழம நஸ்லியாவ நிந்தவூருக்குக் கூட்டிப் போறன். எங்கட உம்மாட வீடு வயல் பக்கம். காத்து நல்லம்.”

“ஊரு என்ன கதைக்கும் மகன்?” என்று ஸுல்பிகா அழத் தொடங்கினாள்.

“ஊரா மாமி மூச்செடுக்குது?”

எனக்கு நான்கு நாள் இருந்தது. புதனும் வியாழனும் பளீலின் கேட்டடிக்குப் போனேன். இரண்டு தரமும் அவன் நான் தொடங்குமுன்பே, “வா மச்சான், நல்ல பாரை கிடக்கு” என்று பையில் போட்டுத் தந்தான். இரண்டு தரமும் மீனோடு திரும்பி வந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

வெள்ளிக்கிழமை காலை சாமான் ஏற்ற வந்த வண்டி பளீலுடையது. அவனே வலிய வந்து செய்த உதவி. அலுமாரியும் மெத்தையும் ஏறின. நஸ்லியா வாசலில் நின்றாள்.

“ஏறு மகள் முன்னுக்கு. ஏசி போட்டுத் தாறன்” என்றபடி பளீல் சாவியைத் திருகப் போனான்.

என்னை அறியாமல் வண்டி ஜன்னலுக்குள்ளால் கையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“எடுக்காத! பளீல், எடுக்காத! இந்தப் புகைதான் என்ட புள்ளயக் கொல்லுது. நான்தான் அந்தக் கல்ல உடைச்ச. நான்தான்டா!”

ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். பளீல் சாவியிலிருந்து கையை எடுத்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

“இத ஏன்டா அண்டைக்கே சொல்லல்ல?” என்றான். “சொல்லியிருந்தா வண்டிய மெயின் றோட்டுல விட்டுட்டு நடந்து வந்திருப்பனே. நூறு யார் தூரந்தானே மச்சான்!”

நூறு யார். ஆறு மாதமாக நான் என்னென்னவோ கணக்குப் போட்டேன், இந்த நூறு யார் எனக்குத் தோன்றவே இல்லை. நான் நஸ்லியாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“மகள், கேட்டியா? இனிப் புகை வராது. இறக்குவம் சாமான.”

அவள் தலையை ஆட்டினாள்.

“எனக்குத் தெரியும் வாப்பா. பளீல் மாமா உங்களப் பத்தி ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாரே. நீங்க அவருக்கிட்ட சொல்லுவீங்க எண்டுதான் இவ்வளவு நாளும் கிடந்தன். நீங்க விடிய விடிய வந்து ஜன்னலத்தான் பூட்டினீங்க.”

“மகள்...”

“நான் போறன் வாப்பா. எனக்கு ஏலாம இரிக்கி.”

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, றினாஸோடு மெயின் றோட்டைப் பார்த்து நடந்தாள். ஸுல்பிகா வாசற்படியில் இருந்து அழுதாள். பளீல் ஸ்டியரிங் பூட்டு விடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருகி, சக்கரத்தை நேராக்கி, பிரேக்கையும் கியரையும் விடுவித்து, இறங்கிவந்து என் பக்கத்தில் நின்றான். நானும் அவனும் பின்கதவில் கையைக் கொடுத்தோம்.

அலுமாரியும் மெத்தையும் ஏறிய வண்டி இலேசில் அசையவில்லை. பிறகு அசைந்தது. ஸ்டார்ட் பண்ணாமல், ஒரு சொட்டுப் புகை இல்லாமல், என் மகளின் சாமான்களை நூறு யார் தூரமும் அவனோடு சேர்ந்து என் கையாலேயே தள்ளிக்கொண்டு போய் மெயின் றோட்டில் விட்டேன்.